ஆயிரம் கொடுத்து வாங்கிய கைராசி

என் தம்பி ஒரே இரவில் டாக்டர் ஆகிவிட்டான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான், வேறெங்கும் இல்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் பழக்கம். புதியவர்களுக்காக ஒரு வரி: நான், என் தம்பி, சின்னம்மா மகள், அலுவலக நண்பர்கள் இருவர் என ஐந்து பேர். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை எடுத்துவிட்டுத் தாள், பென்சில், பகடைகளைப் பரப்புவோம். ஒருவர் கதையை நடத்துவார். அவர்தான் ஆட்ட நடத்துநர். எங்கள் மேசையில் அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக இருந்து "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். அவ்வளவுதான் ஆட்டம். முதல் நாள் பகடையைப் பார்த்த அம்மா, "தருமர் நாட்டைத் தோத்தது போதாதா?" என்று கேட்டார். காசு வைப்பதில்லை என்று புரிய வைக்க ஒரு மாதம் பிடித்தது. இப்போது அவரே கோப்பி கலக்கித் தருகிறார்.

இந்த ஆண்டு நாங்கள் ஆடுவது சைபர்பங்க் ரெட். மைக் பாண்ட்ஸ்மித் 1988இல் வெளியிட்ட சைபர்பங்க் என்ற மேசை ஆட்டத்தின் புதிய பதிப்பு; 2020இல் வந்தது. கதை நடப்பது 2045இல், நைட் சிட்டி என்ற கற்பனை நகரத்தில். அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த சைபர்பங்க் 2077 கணினி விளையாட்டும், 2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த எட்ஜ்ரன்னர்ஸ் தொடரும் இதே உலகத்துப் பிள்ளைகள்தாம். பெரு நிறுவனங்கள் ஆளும் ஊர். இரும்புக் கை, கண்ணாடிக் கண் என்று உடம்பை மாற்றிக்கொண்டு வாழும் மக்கள். வன்முறை நிறைய உண்டு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டிய மேசை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த உலகில் கடையில் கிடைக்கும் பொருள்களில் ஒன்று திறன் சில்லு. நகம் அளவுச் சில்லைக் கழுத்துக்குப் பின்னால் செருகினால் போதும், நேற்றுவரை தெரியாத ஒரு வேலை இன்று தெரியும். பூட்டுத் திறக்கலாம், ஹெலிகாப்டர் ஓட்டலாம், போர்ச்சுகீசிய மொழி பேசலாம். தம்பி வாங்கியது துணைமருத்துவச் சில்லு. விலை ஆயிரம் யூரோபக்.

ஏன் வாங்கினான் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் மருத்துவம் பார்ப்பது சின்னம்மா மகளின் கதாபாத்திரம். ஆட்டத்தில் அதை மெட்டெக் என்பார்கள். அவள் நிஜத்திலும் தாதி. வேலையில் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. "வேலையிலும் அதுதான், விளையாட்டிலும் அதுவா?" என்று முதல் நாள் கேட்டோம். "அங்க நான் மத்தவங்க சொல்றதைக் கேக்கணும். இங்க நான் சொல்றதை நீங்க கேப்பீங்கல்ல?" என்றாள். ஆனால் இரவுப் பணி வந்தால் சனிக்கிழமை வர முடியாது. அப்படி ஒரு வாரம் அவள் இல்லாதபோது தம்பியின் ஆள் குண்டடி பட்டு, கட்டுப் போட ஆளில்லாமல் சாகக் கிடந்தான். மறுவாரமே தம்பி மருத்துவமனைக்கு ஓடி, நியூரல் லிங்க், சாக்கெட், சில்லு மூன்றையும் பொருத்திக்கொண்டான். மொத்தம் 2,000 யூரோபக். "சரி, வாங்கியாச்சு, எழுதிக்கோ" என்றேன். மணி 11 ஆகியிருந்தது. அந்த "எழுதிக்கோ"தான் நான் செய்த தப்பு. அது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது.

அடுத்த ஆட்டத்தில் அவள் வந்திருந்தாள். கார் நிறுத்துமிடத்தில் துப்பாக்கிச் சூடு. எங்களுக்குத் தகவல் தர வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். சின்னம்மா மகள் பகடையைக் கையில் எடுத்தாள். அதற்குள் தம்பி, "நானே பாத்துக்கிறேன், எங்கிட்ட சில்லு இருக்கு" என்று உருட்டிவிட்டான். விழுந்தது 8. ஆள் பிழைத்தான். நண்பர்கள் இருவரும் கைதட்டினார்கள். "கைராசிக்கார டாக்டர்லா!" என்று ஒருவர் தம்பியின் முதுகில் தட்டினார். அவள் பகடையை மெதுவாகத் தாளின் மேல் வைத்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கதையை நகர்த்திவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, "வேலை இருக்கு அக்கா" என்று செய்தி வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே செய்தி.

திறமையைக் கடையில் வாங்கும் இந்தக் கற்பனை பாண்ட்ஸ்மித்துக்கு முன்பே இருந்தது. வில்லியம் கிப்சன் 1984இல் எழுதிய நியூரோமான்சர் நாவலில் காதுக்குப் பின்னால் செருகும் மைக்ரோசாஃப்ட்டுகள் வருகின்றன (கணினி நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை). ஜார்ஜ் அலெக் எஃபிஞ்சர் எண்பதுகளில் எழுதிய வென் கிராவிட்டி ஃபெயில்ஸ் நாவல் இன்னும் ஒரு படி மேலே போகும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றைச் செருகினால் ஒரு மொழியோ வேலையோ தெரியவரும். மற்றதைச் செருகினால் நீங்களே வேறு ஆளாகிவிடுவீர்கள். பாண்ட்ஸ்மித்தின் நிறுவனம் அந்த நாவலின் உலகை வைத்தும் ஓர் ஆட்ட நூல் வெளியிட்டது. படிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு 1999இல் வந்த த மேட்ரிக்ஸ் படம் போதும். நாற்காலியில் சாய்ந்தபடி கண்மூடித் திறப்பதற்குள் கதாநாயகன் குங்ஃபூ கற்றுவிடுவான். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு ஓ நிலைக் கணிதத்துக்கு ஒரு சில்லு கிடைக்காதா என்று ஏங்காதவர் எங்கள் வகுப்பில் யாருமில்லை.

படத்தில் அது இலவசம். ஆட்டங்கள்தாம் அதற்கு விலை போட்டன. 1989இல் வந்த ஷேடோரன் என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தகவலும் மொழியும் வேண்டுமென்றால் தலையில் ஒரு செருகுவாய் போதும். கைகால் அசைக்கும் திறமை வேண்டுமென்றால் உடம்பு முழுக்க நரம்போடு நரம்பாகக் கம்பி ஓட வேண்டும். தெரிந்திருப்பது ஒன்று, கை செய்வது வேறு என்று அந்த ஆட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் என்று நம் பாட்டிகள் சொன்னதைத்தான் அவர்கள் விதியாக எழுதியிருக்கிறார்கள்.

சைபர்பங்க் ரெட் வேறு வழியில் போகிறது. அதன் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் எந்த வேலைக்கும் கணக்கு ஒன்றுதான். உங்கள் இயல்பான ஆற்றல், அதனுடன் கற்ற திறனின் நிலை, அதனுடன் பத்து முகப் பகடையில் விழும் எண். இந்தக் கூட்டுத்தொகை இலக்கு எண்ணைத் தாண்ட வேண்டும். சமமாக வந்தால் போதாது. திறன் நிலை 10 வரை ஏறும். சில்லு தருவது 3ஆம் நிலை. அது ஏற்கனவே தெரிந்ததன் மேல் கூடாது. உங்களுக்கு 3க்கு மேல் தெரிந்திருந்தால் சில்லு வெறும் அலங்காரம். எத்தனை ஆண்டு பயன்படுத்தினாலும் 3 என்பது 4 ஆகாது.

சாகக் கிடப்பவரை நிலைப்படுத்த இலக்கு எண் 15. தம்பியின் ஆள் கூலிக்குச் சண்டை போடுபவன், கைநுட்பம் 6. சில்லோடு சேர்த்தால் 9. பகடையில் 7 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது 10 முறையில் 4 முறை நடக்கும். சின்னம்மா மகளின் மெட்டெக்கிற்குக் கைநுட்பம் 8, துணைமருத்துவம் 6ஆம் நிலை. மொத்தம் 14. பகடையில் 1 விழுந்தால்தான் அவள் தோற்பாள். 10க்கு 9 முறை காப்பாற்றுவாள். அன்று 8 விழுந்த கைதட்டலில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை பார்ப்பவர்களுக்கு 4ம் 9ம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதலுதவி இந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் 2ஆம் நிலையில் இலவசமாகவே வரும் அடிப்படைத் திறன். சாகக் கிடப்பவரை நிலைப்படுத்த முதலுதவியே போதும். ஆகவே சில்லு இல்லாமலே தம்பிக்கு 10க்கு 3 வாய்ப்பு இருந்தது. 2,000 யூரோபக் செலவழித்து அவன் அன்று வாங்கியது பத்தில் ஒன்று. எலும்பு முறிவு போன்ற கடுங்காயங்களுக்கு அந்தச் சில்லு உதவும் என்பது உண்மைதான். ஆனாலும் வாங்குமுன் தாளில் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். சண்டைச் சோற்றில் வளர்ந்த ஆளுக்கு முதலுதவிச் சில்லு வாங்கிக் கொடுத்து ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய 6ஆம் நிலை எங்கிருந்து வந்தது? ஆட்டம் தொடங்கும்போது அவளுக்கு 4. ஒவ்வோர் இரவு முடிவிலும் நான் எல்லோருக்கும் மேம்பாட்டுப் புள்ளிகள் தருவேன். துணைமருத்துவம் கடினமான திறன் என்பதால் இரட்டை விலை: 5ஆம் நிலைக்கு 200, 6ஆம் நிலைக்கு 240. ஆக 440 புள்ளிகள். ஆறு மாதம் வேறு எதற்கும் ஒரு புள்ளி செலவழிக்காமல் சேர்த்து ஏற்றினாள். மற்றவர்கள் குறிபார்த்துச் சுடுவதையும் வண்டி ஓட்டுவதையும் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய ஆள் ஓடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

இரண்டாவது வாரம் அவள் வராதபோது இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் தம்பி கோபித்துக்கொள்வான். சில்லின் ருசி கண்டுவிட்ட அவன் 500 யூரோபக் கொடுத்துத் தமிழ்ச் சில்லும் வாங்கினான். நைட் சிட்டியில் தமிழா என்று நினைக்காதீர்கள். கதாபாத்திரம் உருவாக்கும்போது பூர்வீகம் தேர்ந்தெடுக்க வேண்டும். தெற்காசியா என்றால் வரும் மொழிப் பட்டியலில் தமிழும் அச்சாகியிருக்கிறது. சின்னம்மா மகளின் மெட்டெக் அப்படித் தமிழ் பேசுபவள். தம்பி உருவாக்கியதோ தமிழ் தெரியாத ஆள். பூர்வீகமாக வரும் மொழி 4ஆம் நிலையில் வரும். சில்லு 3.

அந்த ஒரு நிலை வித்தியாசத்தை எப்படி நடிப்பது? புத்தகம் சொல்லவில்லை. நான் முடிவு செய்தேன்: சில்லு பேசுவது வாய்மொழித் தேர்வுத் தமிழ். இரவுச் சந்தையில் மீ விற்கும் பாட்டியிடம் தம்பியின் ஆள் போய், "அம்மையீர், இவ்வுணவின் விலை யாது?" என்று கேட்டான். பாட்டி கரண்டியை நிறுத்திவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "எந்த டிவில தம்பி செய்தி வாசிக்கிற?" நண்பர்களில் ஒருவர் சீனர், அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் சிரிப்பைப் பார்த்து என்னவென்று கேட்டார். விளக்கியதும் "என் மாண்டரின் ஆசிரியர் நினைவுக்கு வருகிறார்" என்று அவரும் சிரித்தார். நல்ல இரவு அது. ஆனால் அவள் நாற்காலி காலியாக இருந்தது. தமிழில் பேசி அந்தப் பாட்டியைச் சிரிக்க வைத்திருக்க வேண்டியவள் அவள்.

மறுநாள் அவள் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் கோப்பிக்கடையில் காத்திருந்தேன். முதலில் வேலைப்பளு என்றாள். தே ஆலியா பாதி குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"விளையாட்டுக்குக் கோவிச்சுக்கிறேன்னு நினைக்காதீங்க அக்கா. அண்ணன் வாங்குனது தப்பில்ல, நான் இல்லாத அன்னிக்கு அவரு செத்திருப்பாரு. ஆனா நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். யாரும் என்னைப் பாக்கவே இல்ல."

சிறிது நேரம் கழித்து இன்னொன்று சொன்னாள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் மாமா ஒருவர் அவளிடம், "இனிமே இதையெல்லாம் ஏஐ பாத்துக்கும், நீ ஏம்மா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கஷ்டப்படுற?" என்று அக்கறையாகத்தான் கேட்டாராம். மூன்று ஆண்டு தாதிமைப் படிப்பு, அதன்பின் ஒவ்வொரு வார்டாகப் பழகியது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் மாமா மடித்து வைத்துவிட்டார். "அதே வாக்கியத்தை சனிக்கிழமையும் கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அலுவலகத்தில் நானும் அந்த மாமா பக்கம் நின்றவள்தான். 2016இல் 25 வயதைக் கடந்த சிங்கப்பூரர் எல்லோருக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் 500 வெள்ளி கிடைத்தபோது இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்குப் போனேன். சான்றிதழோடு திரும்பி வந்து, அந்த வேலையைப் பத்து ஆண்டாகச் செய்துகொண்டிருந்த சக ஊழியருக்கு ஆலோசனை சொன்னேன். சாதாரணச் சில்லின் விலையும் 500 என்பது தற்செயல்தான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வகுப்பு எனக்குப் பயன்படாமல் இல்லை. 3ஆம் நிலை ஒன்றுமில்லாததைவிட நல்லது. ஆனால் அன்று அவர் முகத்தை நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தைத் திறந்தேன். சில்லுகளைத் தடை செய்துவிடலாமா என்பதுதான் முதல் யோசனை. சில ஆட்ட நடத்துநர்கள் அப்படிச் செய்வதுண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்று பேர் மட்டும் ஆடும் மேசையில் எல்லாத் திறனுக்கும் ஆள் இருக்காது. இரவுப் பணி, தேசியச் சேவை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாராவது வராத வாரங்கள் நம் ஊரில்தான் அதிகம். அங்கெல்லாம் சில்லு கைகொடுக்கும். பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். தடை தேவையே இல்லை. விலை ஏற்கனவே அச்சில் இருந்தது. அதை வசூலிக்காமல் விட்டவள் நான்.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பரிவு என்று ஓர் ஆற்றல் உண்டு. அதைப் பத்தால் பெருக்கினால் வருவது மனிதத்தன்மை. தம்பி வாங்கியதைப் போன்ற ஒரு கருவியை உடம்பில் பொருத்தும்போதெல்லாம் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி, விழுந்ததை மனிதத்தன்மையிலிருந்து கழிக்க வேண்டும். நியூரல் லிங்க்குக்கு ஒரு முறை, சாக்கெட்டுக்கு ஒரு முறை, சில்லுக்கு ஒரு முறை. ஒரு சில்லை முதல் முறை செருகும்போது மட்டும்தான் கழிவு. கழற்றி மாட்டினால் இல்லை. மனிதத்தன்மை குறையக் குறையப் பரிவும் குறையும். சுழிக்குக் கீழே போனால் உங்கள் கதாபாத்திரம் உங்களுடையது இல்லை. வெறி பிடித்த அவனை ஆட்ட நடத்துநர் எடுத்துக்கொள்வார். மனநலச் சிகிச்சைக்குப் போய்க் கொஞ்சம் மீட்கலாம். ஆனால் இப்படிப் பொருத்திய ஒவ்வொரு கருவிக்கும் உச்ச வரம்பு 2 குறைந்தே இருக்கும்.

இதையெல்லாம் மணி 11 என்று சொல்லி நான் தாண்டிவிட்டேன். தம்பியை அழைத்து, "பழைய கணக்கு ஒண்ணு பாக்கி இருக்குடா" என்றேன்.

"முடிஞ்சு போனதை ஏன்கா கிளறுற?" என்று முனகினான். ஆனாலும் உருட்டினான். 5, 9, 8. அவனுடைய ஆளுக்குப் பரிவு 5, மனிதத்தன்மை 50. இருபத்திரண்டு போக 28. தமிழ்ச் சில்லுக்கு இன்னொரு 6 போக 22. பரிவு 2 ஆகிவிட்டது. இதில் மாட்டிக்கொள்வது எது தெரியுமா? எதிரில் இருப்பவர் மனதைப் படிப்பதும், பேச்சுக் கொடுத்து விஷயம் அறிவதும் இந்த ஆட்டத்தில் பரிவை வைத்தே கணக்கிடப்படும். மருத்துவம் வாங்கியவனுக்கு, எங்கே வலிக்கிறது என்று நோயாளி முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. தம்பி தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்ப அந்தப் பாட்டி சிரிச்சது கோவத்துலயா கிண்டலுக்கான்னுகூட எனக்குத் தெரியாதா?" என்றான்.

அடுத்த சனிக்கிழமைக்குச் சின்னம்மா மகளை அழைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "இந்த ஒரு வாரம் வர்றேன்" என்றாள்.

அந்த இரவுக்காக நான் எழுதிய காட்சி தம்பியை மட்டம் தட்டுவதற்காக அல்ல என்று சொன்னால் அது பாதிப் பொய். விதி ஒன்று எனக்குச் சாதகமாக இருந்தது: ஒரு சாக்கெட்டில் ஒரு சில்லுதான் இருக்கும். மாற்ற வேண்டுமென்றால் அந்தச் சுற்றில் வேறு எதுவும் செய்ய முடியாது.

இரவுச் சந்தையில் இரண்டு கும்பல்களுக்கு இடையே சண்டை. மீ விற்கும் பாட்டிக்குக் குண்டு பாய்ந்துவிட்டது. தம்பியின் ஆள்தான் முதலில் ஓடினான். கழுத்தில் இருந்தது தமிழ்ச் சில்லு. பாட்டி பேசுவது புரிகிறது, காயத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சில்லை மாற்றினான், ஒரு சுற்று போயிற்று. இப்போது காயம் புரிகிறது. பாட்டி என்னவோ சொல்லிக்கொண்டே இருக்கிறார், ஒரு சொல்லும் புரியவில்லை. மேசையில் நான் தமிழில்தான் பேசினேன். தம்பி எல்லாம் கேட்டும் புரியாதவன்போல உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் அதை ஒழுங்காகச் செய்தான். பாட்டி அவன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். ஏன் என்று அறிய உருட்டினான். பரிவு 2 காலை வாரியது.

அப்போதுதான் சின்னம்மா மகளின் மெட்டெக் வந்து மண்டியிட்டாள். பகடையைத் தொடவில்லை. "பாட்டி, என்ன வேணும், சொல்லுங்க" என்றாள்.

"அடுப்பு எரியுதும்மா" என்றேன், பாட்டியின் குரலில்.

அந்த அடுப்பை நான் குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். யாரும் கேட்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்த சுற்றில் எண்ணெய் பற்றிக்கொண்டிருக்கும். அவள் சீன நண்பரைப் பார்த்து, "அண்ணே, அடுப்பை அணைங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "அணைச்சாச்சு பாட்டி. இப்ப கையை எடுங்க, நான் பாக்குறேன்" என்றாள். வார்டில் அவள் பேசும் குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டார். பகடையில் விழுந்தது வெறும் 3. அவளுக்கு அதுவே போதும்.

தம்பி தன் முறை வந்ததும் சில்லைக் கழற்றினான். அதற்கு ஒரு சுற்று செலவாகும் என்று நினைவூட்டினேன். "தெரியும்கா" என்றான். பிறகு அவளிடம், "நான் என்ன பிடிக்கணும்?" என்று கேட்டான்.

"லைட்டைப் பிடிங்கண்ணே. கை ஆடாம."

ஆட்டம் முடிந்து புள்ளிகள் பிரித்தபோது தம்பி 60 புள்ளிகளை முதலுதவிக்கு எழுதி, 2ஐ அழித்து 3 ஆக்கினான். அழிப்பானின் தூசியை ஊதிவிட்டு, மருத்துவச் சில்லை அடுத்த சந்தையில் விற்றால் என்ன விலை போகும் என்று என்னிடம் கேட்டான். பாதி விலைகூடத் தேறாது என்றேன்.

"விக்காதீங்கண்ணே" என்றாள் அவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அடுத்த சனிக்கிழமை எனக்கு நைட் ஷிஃப்ட்."